பழைய ரேடியோ வால்வுகளுக்கு ஏன் இத்தனை குடும்பங்கள்?

கேள்வி கேட்டவரிடம் வால்வுகளில், அதாவது சிக்னலைப் பெருக்கக் காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களில், இயங்கும் பழைய ரேடியோக்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் யுசிஎச்42, யுஎஃப்41, யுபிசி41, யுஎல்41, யுஒய்41 என்ற ஐந்து வால்வுகள். மற்றொன்று அமெரிக்கச் செட். அதில் 6ஏ7, 6டி6, 75, 42, 80 என்ற ஐந்து. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பிறகு ஏன் பெயர்களில் இவ்வளவு வேறுபாடு, ஒன்றின் வால்வை மற்றொன்றில் போடலாமா, இந்த எண்களைக் கொண்டு செட்டின் வயதைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடிப்படையில் இது ஒரே கேள்விதான்: வால்வுகள் ஏன் குடும்பம் குடும்பமாக வந்தன, ஒரு குடும்பம் போய் அடுத்தது வரக் காரணம் என்ன?

தொழில்நுட்பம் வளர வளரப் புதிய வால்வு வந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி விடைதான். வால்வு செட்டுகளைப் பழுது பார்ப்பதிலும் அந்த வேலையைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் என் கருத்து இது: பெரும்பாலான வால்வுக் குடும்பங்களைப் பிரித்தது ரேடியோ அலை பற்றிய அறிவு அல்ல, வால்வைச் சூடாக்கும் மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான். அக்யுமுலேட்டரா (திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரி), உலர் மின்கலமா, கார் பேட்டரியா, வீட்டு ஏ.சி. லைனா, டி.சி. லைனா என்பதைப் பொறுத்தே குடும்பம் அமைந்தது. அதற்கு அடுத்த காரணம் காப்புரிமைக் கட்டணம். வால்வின் உள்ளமைப்பில் வந்த உண்மையான முன்னேற்றங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே புகுந்து வந்தவை.

தொடக்கத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 1904-இல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் இரண்டு மின்முனைகள் கொண்ட வால்வுக்குக் காப்புரிமை கேட்டார்: எலெக்ட்ரான்களை வெளியிடும் சூடான கம்பியான ஃபிலமென்ட் ஒன்று, அவற்றை வாங்கிக்கொள்ளும் பிளேட் மற்றொன்று. 1906-இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் ஆடியான் என்ற பெயரில் தம் குழாயை அறிமுகப்படுத்தி, விரைவிலேயே அதில் இடையே ஓடும் எலெக்ட்ரான்களைக் கட்டுப்படுத்தும் கிரிட் என்ற மூன்றாவது முனையையும் சேர்த்தார். இவை ஒவ்வொன்றும் ஒரு விதமாக நடந்துகொண்ட தனிப் பொருள்கள். ஒன்றைப் போல இன்னொன்று இராது. 1912, 1913 ஆண்டுகளில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் லாங்முயரும் பெல் தொலைபேசி அமைப்பில் ஆர்னால்டும், குழாய்க்குள் எஞ்சும் காற்றை முற்றிலும் நீக்கினால் வால்வு நம்பத்தக்கதாகிறது என்று காட்டினார்கள். 1915-இல் பிரெஞ்சு ராணுவத் தந்தித் துறைக்காக உருவான டிஎம் வால்வுதான் பெருமளவில் ஒரே மாதிரியாகச் செய்யப்பட்ட முதல் வால்வுகளில் முக்கியமானது. 4 வோல்ட், சுமார் 0.7 ஆம்பியர் ஃபிலமென்ட், நான்கு பின்கள். பிளேட்டின் பின் மட்டும் சற்றுத் தள்ளி நின்றதால் தவறாகச் செருக முடியாது. பிரிட்டிஷார் அதைப் பின்பற்றி ஆர் வால்வைச் செய்தார்கள். அந்த நான்கு பின் அமைப்பு ஐரோப்பாவில் பல ஆண்டுகள் நீடித்தது. குடும்பம் என்ற சொல்லுக்குத் தகுந்த முதல் பொருள் இதுதான்.

வீட்டு ரேடியோவின் கதை அமெரிக்காவில் 1920-இல் ஆர்சிஏ (ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா) விற்ற யுவி-200, யுவி-201 என்ற இரண்டு வால்வுகளில் தொடங்குகிறது. முதலாவது ரேடியோ அலையிலிருந்து ஒலிச் சிக்னலைப் பிரிக்கும் டிடெக்டர், இரண்டாவது சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர். இரண்டும் 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் குடித்தன. ஃபிலமென்ட் தூய டங்ஸ்டன். அது எலெக்ட்ரான்களை வெளியிட 2,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும், அதாவது மின்விளக்கைப் போலப் பளிச்சென்று எரிய வேண்டும். இப்படிப்பட்ட ஐந்து வால்வுகள் கொண்ட செட் 6 வோல்ட் கார் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் இழுக்கும். 80 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி 16 மணி நேரத்தில் காலியாகிவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் கேட்டால் நான்காம் நாள் முடிவில் அதைச் சுமந்துகொண்டு சார்ஜ் செய்யப் போக வேண்டியதுதான். வால்வு அமைப்பாளர்கள் ஒலிப்பெருக்கத்தைவிட முதலில் ஃபிலமென்ட்டோடு மல்லுக்கட்டியதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அந்தப் போராட்டத்திலிருந்து 1922, 1923 ஆண்டுகளில் ஒரே சமயத்தில் மூன்று குடும்பங்கள் பிறந்தன. டங்ஸ்டனில் சிறிதளவு தோரியம் கலந்தால் மேற்பரப்பில் தோரியத்தின் மெல்லிய படலம் உருவாகி, 1,700 டிகிரி அளவிலேயே போதுமான எலெக்ட்ரான்கள் கிடைக்கும் என்பது லாங்முயரின் ஆய்விலிருந்து தெரிந்திருந்தது. அதைப் பயன்படுத்திய யுவி-201ஏ அதே 5 வோல்ட்டில் கால் ஆம்பியர் மட்டுமே எடுத்தது. மேலே சொன்ன ஐந்து வால்வு செட் இப்போது அதே பேட்டரியில் 64 மணி நேரம் ஓடும். பழைய 201-ஐக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் இதைச் செருகலாம் என்பதால், சில ஆண்டுகளுக்கு அமெரிக்க ரேடியோ என்றாலே 201ஏ என்றாயிற்று. இரண்டாவது யுவி-199: 3 வோல்ட்டுக்குச் சற்று மேல், 60 மில்லி ஆம்பியர். மூன்று உலர் மின்கலங்களில் இயங்கும் என்பதால் எடுத்துச் செல்லும் செட்டுகளுக்கு ஏற்றதாயிற்று. 1924-இல் வந்த ஆர்சிஏவின் முதல் சூப்பர்ஹெட்டரோடைன் (வரும் அலையை நிலையான ஓர் அலைவெண்ணுக்கு மாற்றிப் பெருக்கும் வகை) செட்டில் இதுபோன்ற ஆறு வால்வுகள் இருந்தன. மூன்றாவது வெஸ்டிங்ஹவுஸின் டபிள்யுடி-11: ஆக்சைடு பூசிய ஃபிலமென்ட், 1.1 வோல்ட், கால் ஆம்பியர், ஒற்றை உலர் மின்கலம். இந்த மூன்றும் பெருக்கும் திறனில் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபட்டவை அல்ல. வாங்குபவர் வீட்டில் கார் பேட்டரி உண்டா, மூன்று மின்கலங்களா, ஒன்றா என்பதே எந்த வால்வு என்று தீர்மானித்தது.

தோரியம் வால்வின் ஒரு குணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய செட் வாங்குபவர்கள் இன்றும் இதில் ஏமாறுகிறார்கள். வோல்டேஜ் சற்றுக் கூடினாலும் மேற்பரப்புத் தோரியம் ஆவியாகிவிடும். ஃபிலமென்ட் அறுந்துபோகாமல் அழகாக எரிந்துகொண்டிருக்கும், ஆனால் எலெக்ட்ரான் வராது. 201ஏ வால்வு எரிகிறது என்பதால் அது வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சற்று நேரம் கூடுதல் வோல்டேஜ் கொடுத்து உள்ளிருக்கும் தோரியத்தை மேலே கொண்டுவரும் முறை அக்காலத்திலேயே இருந்தது. சில வால்வுகளில் இன்றும் பலிக்கிறது, சிலவற்றில் பலிப்பதில்லை.

அடுத்த பெரிய உடைவு 1927-இல் நேர்ந்தது. வீடுகளில் ஏ.சி. மின்சாரம் இருந்தும் ரேடியோவுக்கு மட்டும் பேட்டரி வைத்திருப்பது யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஃபிலமென்ட்டே எலெக்ட்ரான் தரும் முனையான கேத்தோடாகவும் இருக்கும் வால்வில் ஏ.சி. கொடுத்தால், ஃபிலமென்ட்டின் இரு முனைகளுக்கும் இடையே வோல்டேஜ் மாறி மாறி ஏறி இறங்குவது கிரிட்டின் கண்ணில் சிக்னலாகத் தெரியும். ஒலிபெருக்கியில் ஓயாத ரீங்காரம் கேட்கும். இதற்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று யுஎக்ஸ்-226. வோல்டேஜை 1.5 ஆகக் குறைத்து, 1 ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும் தடித்த ஃபிலமென்ட்டை வைத்தார்கள். வோல்டேஜ் குறைந்ததால் ஏற்ற இறக்கமும் குறைந்தது. தடிப்பால் வெப்பம் மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்து துடிக்கவில்லை. இரண்டாவது வழி யுஒய்-227. சூடாக்கும் கம்பி வேறு, எலெக்ட்ரான் தரும் கேத்தோடு வேறு என்று இரண்டையும் பிரித்துவிட்டார்கள். ஹீட்டர் 2.5 வோல்ட், 1.75 ஆம்பியர், கேத்தோடுக்கென்று ஐந்தாவது பின். இந்த எண்ணம் புதியதன்று. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிலும் வெஸ்டிங்ஹவுஸிலும் முன்பே முயன்றிருந்தார்கள், 1925-இல் மெக்கல்லோவின் ஏ.சி. வால்வு கடைக்கே வந்துவிட்டது. ஆனால் ஆர்சிஏ கையில் எடுத்த பிறகே அது பொதுவழியாயிற்று.

அந்த ஆண்டு வந்த ரேடியோலா 17 செட்டைத் திறந்து பார்த்தால் இந்த இடைக்காலம் கண்ணெதிரே தெரியும். ரேடியோ அலைவரிசைக்கும் முதல் ஒலிப்பெருக்கத்துக்கும் நான்கு 226, ரீங்காரத்தை அதிகம் பெருக்கிவிடக்கூடிய டிடெக்டர் இடத்தில் மட்டும் ஒரு 227, கடைசியில் 171ஏ, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையராக 280. ஒரே செட்டில் 1.5, 2.5, 5 வோல்ட் என்று மூன்று வகை ஹீட்டர்கள், அவற்றுக்கென டிரான்ஸ்ஃபார்மரில் தனித்தனிச் சுற்றுகள். இரண்டு ஆண்டுகளுக்குள் 227 முறையே வென்றது, 226 மறைந்தது. கேள்வியாளரின் அமெரிக்கச் செட்டில் இருக்கும் 80 என்ற வால்வு இந்த 280-இன் நேர் வாரிசு. முன்னால் இருந்த 2 என்ற எண் பின்னர் கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலும் செட்டுகளில் தொடர்ந்த மிகச் சில வால்வுகளில் அதுவும் ஒன்று.

உள்ளமைப்பில் வந்த முன்னேற்றத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் எல்லாம் ஹீட்டர் கணக்கு மட்டுமே என்ற தவறான எண்ணம் வந்துவிடும். டிரையோடு எனப்படும் மூன்று முனை வால்வில் பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையே 8 பிக்கோஃபாரட் அளவுக்குக் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றம் தேக்கும் தன்மை) இருக்கும். உயர் அலைவெண்ணில் அதன் வழியே வெளிவரும் சிக்னல் திரும்பி உள்ளே வந்து, செட் ஊளையிடும். இடையில் ஸ்கிரீன் கிரிட் என்ற இன்னொரு கிரிட்டை வைத்தால் அந்தக் கெப்பாசிட்டன்ஸ் ஒரு பிக்கோஃபாரடில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இங்கிலாந்தில் ரவுண்ட் உருவாக்கிய எஸ்625, அமெரிக்காவில் 222, பிறகு 1929-இல் ஏ.சி.க்கான 224 ஆகியவை இந்த வகை. ஸ்கிரீன் கிரிட் தந்த புதிய குறையை, அதாவது பிளேட்டிலிருந்து தெறிக்கும் எலெக்ட்ரான்கள் ஸ்கிரீனுக்கு ஓடிவிடுவதை, மூன்றாவது கிரிட்டால் சரிசெய்தவர் பிலிப்ஸின் டெல்லகன். ஐந்து முனைகள் கொண்ட அந்தப் பென்டோடு பி443 என்ற பெயரில் 1927-இல் வந்தது. ரேடியோ வால்வின் உள்ளமைப்பில் டிரையோடுக்குப் பிறகு நடந்தவற்றில் இந்த இரண்டுக்கு ஈடான இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இனி கேள்வியாளரின் 6ஏ7 செட்டுக்கு வருவோம். 1931-இல் காரில் ரேடியோ வைப்பது பரவத் தொடங்கியபோது, கார் பேட்டரிக்கு நேராகப் பொருந்தும் வால்வுகள் தேவைப்பட்டன. அன்றைய அமெரிக்கக் காரில் மூன்று ஈய அமில அறைகள் கொண்ட பேட்டரி, அறைக்கு 2.1 வோல்ட், ஆக மொத்தம் 6.3 வோல்ட். இன்றுவரை வால்வு ஆம்ப்ளிஃபையர் செய்பவர்கள் 6.3 வோல்ட் என்ற வினோதமான எண்ணைச் சுமப்பதற்குக் காரணம் இந்தக் கார்தான். முதலில் 36, 37, 38 வந்தன, ஒவ்வொன்றும் 0.3 ஆம்பியர். வீட்டு செட்டுகள் சில ஆண்டுகள் 2.5 வோல்ட்டிலேயே இருந்தன. உற்பத்தியாளர்கள் ஒரே வால்வை இரு ஹீட்டர்களோடு செய்துகொண்டிருப்பது வீண் என்று விரைவில் உணர்ந்தார்கள், வீட்டுச் செட்டும் 6.3-க்கு மாறிற்று. 1933-இல் வந்த அமெரிக்கப் பெயரிடு முறையில் முதல் எண்ணே ஹீட்டர் வோல்டேஜைக் குறிப்பதாக வைத்தார்கள்: 2ஏ7 என்றால் 2.5 வோல்ட், 6ஏ7 என்றால் 6.3, 25இசட்5 என்றால் 25.

குடும்பங்களைப் பிரித்தது ஹீட்டர்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டால், 2ஏ5, 42, 6எஃப்6 என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கிரிட், பிளேட், ஸ்கிரீன் ஆகியவற்றின் அளவுகளில் மூன்றும் ஒன்றே. 2ஏ5-க்கு 2.5 வோல்ட், 1.75 ஆம்பியர், 42-க்கு 6.3 வோல்ட், 0.7 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் 4.4 வாட். 6எஃப்6 என்பது அதே 42-க்கு எட்டு பின் ஆக்டல் பேஸ் (சாக்கெட்டில் செருகும் அடிப்பகுதி) வைத்தது. 58-க்கும் 6டி6-க்கும், 2ஏ7-க்கும் 6ஏ7-க்கும், பிற்காலத்து 6எஸ்கே7-க்கும் 12எஸ்கே7-க்கும் இதே உறவுதான். ஒரே ஆள் ஊருக்கு ஊர் வேறு சட்டை போட்டுக்கொண்டு போவது போல, ஒரே வால்வு மின்சாரத்துக்கு ஏற்றபடி பெயர் மாற்றிக்கொண்டது.

ஆக்டல் பேஸ் 1935-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் உலோக வால்வுகளோடு வந்தது. கண்ணாடிக்குப் பதில் எஃகு உறை. தனியாக ஷீல்டு வேண்டாம், எளிதில் உடையாது. எல்லாரும் உலோகத்துக்கு மாறவில்லை. ஆக்டல் பேஸ் மட்டும் கண்ணாடி வால்வுகளுக்கும் பரவி நிலைத்தது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கப்பட்டபோது உலகச் சந்தையில் புதிதாக இருந்தவை அமெரிக்க ஆக்டல் வகைகளும், பக்கவாட்டில் தொடுமுனைகள் கொண்ட பிலிப்ஸ் வகைகளும்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டுகள் வேறொரு கிளை. டிரான்ஸ்ஃபார்மர் எடையும் விலையும் கூடியது, டி.சி. லைனில் வேலை செய்யாது. எல்லா ஹீட்டர்களையும் வரிசையாக இணைத்து லைனிலேயே நேராகக் கோத்துவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும். ஆனால் வரிசையில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். எனவே இந்தக் குடும்பங்களில் பொதுவாக இருக்க வேண்டியது வோல்டேஜ் அல்ல, ஆம்பியர். 1930-களின் நடுவில் இருந்த அமெரிக்கச் செட்டில் 0.3 ஆம்பியர் ஓடிற்று: மூன்று 6.3 வோல்ட் வால்வுகள், 25 வோல்ட்டில் 43, 25 வோல்ட்டில் 25இசட்5, மொத்தம் 69 வோல்ட். 117 வோல்ட் லைனில் மீதி 48 வோல்ட்டை எங்காவது எரிக்க வேண்டும். மின்கம்பி வடத்துக்குள்ளேயே தடைக்கம்பியை வைத்து, 14 வாட் வெப்பத்தை வடம் முழுவதும் பரவவிட்டார்கள். வடம் நீளமாக இருக்கிறதே என்று யாராவது வெட்டிச் சுருக்கினால் வால்வுகள் எரிந்துபோகும். இதே வரிசையை 230 வோல்ட்டில் ஓட்ட வேண்டுமானால் 48 வாட் எரிக்க வேண்டும். நம் நாட்டுக்கு வந்த அத்தகைய செட்டுகள் படாதபாடு பட்டதற்கு இதுவே காரணம்.

இதற்கு அமெரிக்காவில் கிடைத்த முடிவான விடை 150 மில்லி ஆம்பியர் குடும்பம். 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யு7 மூன்றும் 12.6 வோல்ட், 50எல்6 ஐம்பது, 35இசட்5 முப்பத்தைந்து, கூட்டினால் 122.8. லைன் வோல்டேஜுக்கு ஏறத்தாழச் சரியாக நின்றது, எரிக்க மீதி இல்லை. ஐரோப்பாவில் 200 மில்லி ஆம்பியர் குடும்பத்தில் தொடங்கி 100 மில்லி ஆம்பியருக்கு வந்தார்கள். ஜெர்மனியில் 1938-இல் வந்த மிக மலிவான டிகேஇ38 செட் 50 மில்லி ஆம்பியர் வரை இறங்கிற்று: விசிஎல்11 வால்வின் ஹீட்டர் 90 வோல்ட், விஒய்2 வால்வுக்கு 30, அவ்வளவுதான் செட்டே.

ஐரோப்பாவில் வால்வு குறைவாகவும் ஒவ்வொன்றும் அதிக வேலை செய்வதாகவும் இருந்ததற்குக் காப்புரிமை ஒரு பெரிய காரணம். பிரிட்டனில் 1920-களில் மார்க்கோனி நிறுவனம் செட்டில் உள்ள ஒவ்வொரு வால்வு ஹோல்டருக்கும் 12 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டணம் வாங்கியது. நான்கு வால்வு செட் என்றால் இரண்டரைப் பவுண்ட். அது அன்று சிறிய தொகை அன்று. அமெரிக்கச் செட்டுகள் எட்டு வால்வு, பத்து வால்வு என்று விளம்பரம் செய்து விற்றபோது, பிரிட்டிஷ் அமைப்பாளர் மூன்றில் முடிக்கப் பார்த்தார். அதற்கேற்ப அதிகப் பெருக்கமுள்ள வால்வுகளையும் ஒரே குமிழில் இரண்டு மூன்று வேலை செய்யும் வால்வுகளையும் கேட்டார். இது உறுதியான செய்தி. இதோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் இன்னொன்று அவ்வளவு உறுதியானதன்று. 1926-இல் ஜெர்மனியின் லோவே நிறுவனம் மூன்று டிரையோடுகள், நான்கு ரெசிஸ்டர்கள், இரண்டு கெப்பாசிட்டர்கள் அனைத்தையும் ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் வைத்து 3என்எஃப் என்ற வால்வை விற்றது. வால்வு எண்ணிக்கையின்படி அரசு போட்ட வரியைத் தவிர்க்கவே இப்படிச் செய்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். எண்ணிக்கையைப் பொறுத்த உரிமக் கட்டணம் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கும் என்பதை ஏற்கலாம். ஆனால் ரெசிஸ்டர் வழியே இணைக்கும் ஆம்ப்ளிஃபையரில் கம்பிகள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது என்ற தொழில்நுட்பக் காரணமும் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுவது சுவையான கதை, சரியான வரலாறு என்று நான் கருதவில்லை.

பிரிட்டனில் ஏ.சி. வால்வுகளுக்கு 4 வோல்ட், மின்சாரம் வராத வீடுகளின் வால்வுகளுக்கு 2 வோல்ட் என்று நிலைபெற்றது. 2 வோல்ட் என்பது ஒற்றை ஈய அமில அறை. கண்ணாடி ஜாடியில் இருக்கும் அதை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் சார்ஜ் செய்து வருவார்கள். பெயர்களிலும் கணக்கு ஒளிந்திருந்தது: காசரின் 210 வரிசை என்றால் 2 வோல்ட், 0.10 ஆம்பியர், முன்பு சொன்ன எஸ்625 என்றால் 6 வோல்ட், 0.25 ஆம்பியர். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி முறை வைத்திருந்ததால் குழப்பம் மிகுந்தது. 1934-இல் பிலிப்ஸும் டெலிஃபுங்கனும் ஏற்றுக்கொண்ட எழுத்து முறைதான் கேள்வியாளரின் யுசிஎச்42 செட்டில் உள்ளது. முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்லும்: ஏ என்றால் 4 வோல்ட், டி 1.4 வோல்ட், இ 6.3 வோல்ட், கே 2 வோல்ட். சி 200 மில்லி ஆம்பியர், யு 100 மில்லி ஆம்பியர். அடுத்த எழுத்துகள் உள்ளே இருப்பதைச் சொல்லும்: பி இரட்டை டையோடு (டையோடு என்பது இரண்டு முனை வால்வு), சி டிரையோடு, எஃப் பென்டோடு, எச் ஆறு முனைகள் கொண்ட ஹெக்ஸோடு, எல் வெளியீட்டுப் பென்டோடு, ஒய் அரை அலை ரெக்டிஃபையர். எண் பேஸைச் சொல்லும்: நாற்பதுகள் ரிம்லாக் என்ற பேஸ் வகை, எண்பதுகள் ஒன்பது பின் நோவல், தொண்ணூறுகள் ஏழு பின் மினியேச்சர். ஆக யுசிஎச்42 என்றால் 100 மில்லி ஆம்பியர், டிரையோடு ஹெக்ஸோடு, ரிம்லாக் பேஸ். நிறையச் செய்தியைச் சிறிய பெயருக்குள் வைத்த முறை இது. அமெரிக்க முறையில் ஹீட்டருக்குப் பிறகு பெரும்பாலும் மனப்பாடம்தான்.

அந்த ஐந்து வால்வுகளின் ஹீட்டர்கள் 14, 12.6, 14, 45, 31 வோல்ட்; மொத்தம் 116.6. ஏறத்தாழ 110 வோல்ட் லைனில் நேராகவே நிற்கும். 230 வோல்ட்டில் மீதி 113 வோல்ட்டை ஒரு தடை எரிக்கும், 11 வாட் வெப்பம்தான். இதற்கு இணையான 6.3 வோல்ட் குடும்பம் இசிஎச்42, இஎஃப்41 என்று டிரான்ஸ்ஃபார்மர் செட்டுகளுக்காக அதே சமயத்தில் இருந்தது. இஎஃப்41 என்பது 6.3 வோல்ட், 0.2 ஆம்பியர், யுஎஃப்41 என்பது 12.6 வோல்ட், 0.1 ஆம்பியர்; வாட் கணக்கு ஒன்றே.

ஆகவே ஒன்றின் வால்வை மற்றொன்றில் போட முடியாது. பேஸே பொருந்தாது என்பது ஒருபுறம் இருக்க, பொருத்தும் வகையில் அடாப்டர் செய்தாலும் வரிசை இணைப்பில் ஆம்பியர் மாறும் வால்வு தன்னையோ பிறவற்றையோ கெடுத்துவிடும். 6ஏ7 செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அங்கே சற்று நெகிழ்வு உண்டு. சாக்கெட்டை மாற்றினால் 42-க்குப் பதில் 6எஃப்6 வைக்கலாம், 6ஏ7-க்குப் பதில் ஆக்டல் 6ஏ8 வைக்கலாம். யு வரிசை செட்டில் ஒரு வால்வின் ஹீட்டர் அறுந்தால் ஐந்தும் அணைந்துவிடும். எது அறுந்தது என்று கழற்றி ஒவ்வொன்றாகத் தொடர்ச்சி பார்க்க வேண்டும். அந்தச் செட்டின் உலோகச் சேசிஸ் (பாகங்களைப் பொருத்திய அடிச்சட்டம்) லைனின் ஒரு முனையோடு நேராக இணைந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸிலேயே 230 வோல்ட் நிற்கும். பின் அட்டையைக் கழற்றிய நிலையில், தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதை இயக்க வேண்டாம்.

வயதைப் பொறுத்தவரை, குடும்பம் சொல்வது ஒரு கீழ் எல்லையை மட்டுமே. 6ஏ7, 6டி6 இரண்டும் 1933-ஐ ஒட்டி வந்தவை, 1935-க்குப் பிறகு ஆக்டல் அவற்றைத் தள்ளிவிட்டது. ஆகவே அமெரிக்கச் செட் 1933-க்கும் 1937-க்கும் இடைப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கையிருப்பு வால்வுகளை வைத்துச் சிறு நிறுவனங்கள் பின்னரும் செட் செய்தது உண்டு. ரிம்லாக் வால்வுகள் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1940-களின் பிற்பகுதியில் வந்தவை; 1950-களின் நடுவில் யுசிஎச்81, யுஎல்84 போன்ற நோவல் வகைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆகவே மற்றொரு செட் இந்த இடைவெளியைச் சேர்ந்தது என்று சொல்லலாம். வால்வுகள் மாற்றப்பட்டவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு செட்டில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரையுள்ள வால்வு இருந்தால், அந்த நிறுவனம் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியதே 1961-இல்தான் என்பதால், அது செட்டின் வயதைச் சொல்லாது, பழுது பார்த்த காலத்தையே சொல்லக்கூடும். பிலிப்ஸ் குடும்ப வால்வுகள் பலவற்றில் கண்ணாடியின் அடிப்பகுதியில் பொறித்த சிறு குறியீட்டில் தொழிற்சாலையின் எழுத்தும், ஆண்டின் கடைசி இலக்கமும், மாதத்துக்கான எழுத்தும் இருக்கும். ஆண்டுக்கு ஓர் இலக்கம் மட்டுமே என்பதால் 4 என்றால் 1954-ஆகவும் இருக்கலாம், 1964-ஆகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல, சேசிஸுக்கு அடியில் தொழிற்சாலையிலேயே பற்றவைத்த எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் மேல் அச்சிட்ட தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.